ஜீப் வண்டியின் ஸ்டீயரிங்கும் முன்சக்கர நேரமைப்பும்

மஹிந்திரா நிறுவனத்தார் 1947ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் பூட்டத் தொடங்கிய வில்லீஸ் ஜீப்பு, 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் காலத்தில் கிராமச் சாலைகளில் நன்கு பழக்கமான வண்டியாயிற்று. அவ்வகை வண்டியைப் பேணும் களப்பணியாளருக்கும், அதனைக் கொண்டு பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் பயன்படுமாறு இக்கட்டுரை அமைகின்றது.

இவ்வண்டியின் முன் அச்சு விறைப்பான ஒரே தண்டாகும். ஆதலால் சக்கரங்களின் சாய்வுக் கோணங்கள் தொழிற்சாலையிலேயே நிலைப்படுத்தப்பட்டுள்ளன. களத்தில் எளிதாகத் திருத்தக்கூடியது முன்குவிவு ஒன்றே. இரு முன்சக்கரங்களும் பின்புறத்தைவிட முன்புறத்தில் சற்றே நெருங்கி நிற்பதை முன்குவிவு என்கிறோம். பணிமனையில் இதனை டோ-இன் என்பர். வில்லீஸ் ஜீப்புக்கு இது ஏறத்தாழ 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும்.

பிழையின் விளைவு

முன்குவிவு 10 மில்லிமீட்டராக மிகுந்துவிட்டது எனக் கொள்வோம். டயரின் விட்டம் சுமார் 710 மில்லிமீட்டர். 10ஐ 710இன் இரு மடங்கால் வகுத்தால், ஒவ்வொரு சக்கரமும் ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் ஏறத்தாழ 7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகின்றது என்பது விளங்கும். முன்குவிவு மிகுந்தால் டயரின் வெளி ஓரம் தேயும்; சக்கரங்கள் முன்புறத்தில் விரிந்து நின்றால் உள் ஓரம் தேயும். இரு ஓரங்களும் ஒருங்கே தேய்ந்திருப்பின், அது காற்றுக் குறைவின் அடையாளம்.

முதலில் ஆட்டத்தைக் களைக

தளர்ந்த மூட்டுகளின் மீது எடுக்கும் அளவு பொய்யளவாகும். எனவே அளப்பதற்கு முன் கீழ்க்கண்டவற்றைச் சோதித்தல் அவசியம்.

1. டயர் குளிர்ந்திருக்கும்போது இரு முன் டயர்களிலும் காற்றழுத்தத்தைச் சமமாக்குக.

2. பின்சக்கரங்களுக்கு அடைக்கட்டை வைத்து, முன் அச்சை ஜாக்கியால் உயர்த்தித் தாங்கிகளின் மேல் நிறுத்துக. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால் தோன்றும் ஆட்டம் பேரிங்கிலோ கிங் பின்னிலோ உள்ளது. பக்கவாட்டில் அசைத்தால் தோன்றுவது பெரும்பாலும் டை ராடு முனைகளில் உள்ளது.

3. ஸ்பிரிங் பட்டைகளை அச்சுடன் பிணைக்கும் யூ போல்ட்டுகள் இறுகியுள்ளனவா என்று பார்க்க. அவை தளர்ந்தால் அச்சே இடம் பெயரும்.

அளக்கும் முறை

சக்கரம் உயர்ந்திருக்கும்போதே டயரின் நடுவில் சுண்ணக்கட்டியால் பட்டை தீட்டுக. சக்கரத்தைச் சுழற்றி, அசையாது பிடித்த ஆணியால் அதன்மேல் மெல்லிய கோடு கீறுக. பின்னர் வண்டியைச் சமதரையில் இறக்கி, ஸ்டீயரிங்கை நேராக வைத்துச் சிறிது தூரம் முன்னோக்கி உருட்டுக. அச்சு மையத்தின் உயரத்தில், பின்புறத்தே இரு கோடுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை இருவர் நாடாவால் அளந்து, அந்த இடத்தைக் குறியிடுக. அக்குறி முன்புறம் வருமாறு வண்டியை அரைச்சுற்று முன்னே உருட்டி மீண்டும் அளக்க. பின் அளவிலிருந்து முன் அளவைக் கழித்தால் கிடைப்பதே முன்குவிவு. வண்டியைப் பின்னோக்கித் தள்ளி அளந்தால் மூட்டுகளிலுள்ள நுண்ணிய இடைவெளி மறுபுறம் சாய்ந்து அளவு மாறிவிடும்.

திருத்தலும் எச்சரிக்கையும்

டை ராட்டின் பிடிப்புகளைத் தளர்த்தி, ராட்டைச் சிறிது சிறிதாகத் திருகுக. இரண்டு டை ராடுகள் உள்ள வண்டியில் இரண்டையும் சம அளவில் திருத்தாவிடின் ஸ்டீயரிங் ஒரு பக்கம் கோணி நிற்கும். திருத்தியபின் பிடிப்புகளை இறுக்கி மீண்டும் அளந்து பார்க்க.

கழற்றிய கோட்டர் பின்னை மறுபடி பயன்படுத்தலாகாது. துளை நேராகாவிடின் நட்டை மேலும் இறுக்க வேண்டுமேயன்றித் தளர்த்தலாகாது. வளைந்த டை ராட்டையோ ஸ்டீயரிங் கையையோ நெருப்பிலிட்டு நிமிர்த்துவதும் பற்றவைப்பதும் கூடா. புதியதே பூட்டப்பட வேண்டும். ஓடும்போது இம்மூட்டு ஒன்று விட்டுப்போனால் ஓட்டுநர் கையில் எஞ்சுவது வெறும் வளையமே.

இக்காலத்து வண்டிகள் பலவற்றில் முன்சக்கரங்கள் தனித்தனியே தொங்குகின்றன. அவற்றின் கோணங்களை உரிய கருவியுள்ள பணிமனையிலேயே சோதித்தல் தக்கது. ஆயினும், அளப்பதற்கு முன் ஆட்டத்தைக் களைதல் என்னும் விதி அவற்றுக்கும் பொதுவானதே.