நோயாளியைக் காப்பது பழகிய கையே

பால் வெட்டும் தொழிலை நூலைப் படித்து மட்டும் கற்றுக்கொண்டவர் எவரேனும் உளரோ? பட்டையை எவ்வளவு ஆழம் சீவ வேண்டும் என்பதை வாயால் சொல்லிவிடலாம். ஆயினும், அனுபவமிக்க ஒருவர் அருகில் நின்று திருத்த, பல நாள் கத்தி பிடித்த பின்னரே கை பழகுகிறது. மருத்துவப் பணியும் அத்தகையதே. கத்தி தவறினால் மரத்தில் வடு எஞ்சும். நோயாளியிடம் கை தவறினால் உயிரே போய்விடக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். லூமுட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில், பாலை உறையவைக்கும் ஃபார்மிக் ஆசிட் ஒரு தொழிலாளியின் கண்ணில் தெறித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். பாடத்தை மனப்பாடம் செய்தவர் எந்த மருந்து இடுவது என்று அலமாரியைத் தேடுவார். பயிற்சி பெற்றவரோ அக்கணமே தொழிலாளியைக் குழாயடிக்கு அழைத்துச் சென்று, இமையை விலக்கிப் பிடித்து, தூய நீரை இருபது நிமிடங்களுக்குக் குறையாமல் விடுவார். அதன் பின்னரே மருத்துவமனைக்கு அனுப்புவார். இருவரும் அறிந்த பாடம் ஒன்றே. பார்வையைக் காப்பது பழகிய கையே.

படிப்பு மட்டும் போதாது என்பதை வரலாறும் உணர்த்துகிறது. வியன்னா நகரத்து மருத்துவமனை ஒன்றில் பிரசவப் பகுதிகள் இரண்டு இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்களும், மற்றொன்றில் மருத்துவச்சிகளும் பயின்றனர். படிப்பிற் சிறந்த மாணவர்களின் பகுதியிலேயே தாய்மார் மிகுதியாக மாண்டனர். பிணங்களை அறுத்து ஆராய்ந்த கையோடு அவர்கள் பிரசவம் பார்க்க வந்ததே காரணம் என 1847ஆம் ஆண்டில் டாக்டர் செம்மல்வைஸ் கண்டறிந்தார். குளோரின் கலந்த நீரில் கைகழுவும்படி அவர் கட்டளையிட்டார். அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த மரணம், ஜூன் மாதத்தில் ஏறக்குறைய இரண்டாகக் குறைந்தது. 1860இல் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பள்ளியைத் தொடங்கியபோது, நோயாளியின் படுக்கையருகே பழகுவதையே பயிற்சியின் உயிராக வைத்தார்.

நம் நாட்டின் நிலையைப் பார்ப்போம். தோட்ட மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சலுக்கு மருந்து தந்து வந்தவரை நம் முன்னோர் 'டிரெஸ்ஸர்' என்று மரியாதையுடன் அழைத்தனர். இப்பணியைத் தகுதியற்றோர் செய்யாதிருக்கும் பொருட்டு, தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் 1965இல் இயற்றப்பட்டது. அரசாங்க மருத்துவ உதவியாளருக்கான பதிவுச் சட்டம் 1977இல் வந்தது. இன்று உதவி மருத்துவ அதிகாரி எனப்படும் இவர்கள், மூன்றாண்டுகள் பயில்கின்றனர். வகுப்பறைப் பாடத்தோடு, மருத்துவமனை வார்டிலும் கிளினிக்கிலும் மேற்பார்வையாளர் முன்னிலையில் கைப்பழக்கமும் பெறுகின்றனர்.

தேர்ந்த பணியாளரை நாம் அறிவது எங்ஙனம்? நோயாளியைத் தொடுமுன் அவர் கைகழுவுவார். காய்ச்சலுடன் இருமும் குழந்தையின் சட்டையை உயர்த்தி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதும் மூச்சை எண்ணுவார். ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தை நிமிடத்துக்கு 40 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால், அது நிமோனியாவின் அறிகுறியாக இருக்கலாம். பேதியால் வாடும் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்ப்பார். அது மீள இரண்டு விநாடிக்கு மேலானால், உடலில் நீர் மிகவும் வற்றிவிட்டதென அறிந்து விரைந்து செயற்படுவார். விடியற்காலையில் பாம்பு கடித்து வந்தவரின் கடிவாயை அறுக்கவும் உறிஞ்சவும் மாட்டார். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு அனுப்புவார்.

இன்று பல தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் விட்டன. லூமுட், சித்தியவான் பகுதி மக்கள் அரசாங்கக் கிளினிக்குகளையும் ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனையையும் நாடுகின்றனர். எங்குச் சென்றாலும் நமக்கும் கடமை உண்டு. நோய் தொடங்கிய நேரத்தையும், முன்னர் உண்ட மருந்தையும் மறைக்காமற் கூற வேண்டும். விளங்காததைப் பணிவோடு கேட்க வேண்டும். மூச்சை எண்ணும் பணியாளரை, "வீணாகக் காலங்கடத்துகிறார்" எனச் சினத்தல் கூடாது. அந்த ஒரு நிமிடமே பிள்ளையின் உயிரைக் காக்கும் நிமிடமாகலாம்.

பயிற்சி வினாக்கள்

1. கண்ணில் ஆசிட் தெறித்தால் முதலில் செய்யவேண்டியது யாது?
2. வியன்னாவில் தாய்மாரின் மரணம் குறைந்தது எதனால்?
3. உங்கள் தோட்டத்திலிருந்து அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்ல எவ்வளவு நேரமாகும்? இரவில் வாகனத்துக்கு யாரை அழைப்பீர்கள்? இதனை இன்றே குடும்பத்தாருடன் பேசி முடிவு செய்க.