தன்வலி அறிதல்

ஆனி, ஆடித் திங்கள்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று, சுரண்டையைச் சூழ்ந்த வெளிகளில் ஓயாது வீசும். காற்றாலைகளைச் சுழற்றும் அக்காற்று மிதிவண்டியில் செல்வோரை மயக்கவும் செய்யும். தென்காசியிலிருந்து கிழக்கு நோக்கிச் சுரண்டைக்கு வரும் இளைஞன், "என் வலிமை பெரிது" என்று மகிழ்வான். அவனே மேற்கு நோக்கித் திரும்புங்கால், "என் வலிமை குன்றிற்றே" என்று வருந்துவான். மாறியது வலிமையன்று, காற்றின் துணை பகையாயிற்று. ஆதலின் விரைவு வலிமைக்கு அளவுகோல் ஆகாது.

பின், அளவுகோல் யாது? திறனே அளவுகோல். ஒரு நொடியில் செய்யப்படும் வேலையின் அளவே திறன். அதனை 'வாட்' என்னும் அலகால் குறிப்பர். மிதிகட்டையை அழுத்தும் விசையையும் அது சுழலும் வேகத்தையும் கொண்டு திறனைக் காட்டும் கருவி திறன்மானி எனப்படும். 1986-ஆம் ஆண்டில் செருமானியப் பொறியாளர் உல்ரிச் ஷோபரர் இத்தகைய கருவியை மிதிவண்டிக்கென அமைத்தார்.

மாணவர்களே! பெருந்திறனைச் சிறிது நேரம் காட்டுதல் எளிது. நெடுநேரம் காட்டுதல் அரிது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒருவன் நிலைநிறுத்தக்கூடிய உச்சத் திறனை அவனது எல்லைத்திறன் எனலாம். அதனைக் கடந்து மிதித்தால், 'லாக்டேட்' என்னும் பொருள், உடல் அதனைப் பயன்படுத்தித் தீர்ப்பதினும் விரைவாகக் குருதியில் பெருகும். தளர்ச்சியும் விரைந்து வந்தெய்தும்.

எல்லைத்திறனை மதிப்பிட வழி ஒன்று உண்டு. முதலில் மெல்ல மிதித்து உடலைப் பதப்படுத்துதல் வேண்டும். அடுத்து 5 நிமிடம் வன்மையாக மிதித்து, சற்றே இளைப்பாறுதல் வேண்டும். அதன்பின் 20 நிமிடம், இயன்ற முழுத் திறனோடு, ஒரே சீராக மிதித்தல் வேண்டும். அவ்விருபது நிமிடச் சராசரியில் நூற்றுக்கு 95 பங்கை எல்லைத்திறனாகக் கொள்வர். சராசரி 200 வாட் எனின், எல்லைத்திறன் 190 வாட் ஆகும். இது மதிப்பீடே, ஆளுக்கு ஆள் சிறிது வேறுபடும். உடல்நலம் உடையோரே, ஆசிரியர் மேற்பார்வையில் இதனைச் செய்தல் வேண்டும்.

இச்சோதனையில் செருக்கும் அச்சமும் ஒருங்கே தீங்கு செய்யும். செருக்குடையோன் தொடக்கத்திலேயே வலிமையனைத்தையும் செலவிட்டு இடையில் சோர்வான். அஞ்சுவோன் இறுதிவரை வலிமையை ஒளித்து வைப்பான். இருவர்க்கும் கிடைப்பது பொய்யெண்ணே. தன் அளவினும் மிகுந்த எண்ணைத் தனதெனக் கொண்டு பயில்வோன் உடல் நலிவான். குறைந்த எண்ணைக் கொண்டு பயில்வோன் வளர்ச்சி காணான். வள்ளுவர் பொருட்பாலில் 'வலியறிதல்' என்றோர் அதிகாரம் வகுத்தமை ஈண்டு நினைத்தற்குரியது.

உண்மை எண்ணை அறிந்தவன் அதற்கேற்பப் பயின்று, சில வாரங்கள் கழித்து மீண்டும் தன்னைச் சோதித்து, எல்லையைச் சிறிது சிறிதாக உயர்த்துவான். மேல்காற்று எதிர்த்தாலும் அவன் மனம் தளரான்; தன் அளவறிந்து மிதித்துத் தென்காசி சேர்வான்.