உங்க வீட்டு ரூட்டருக்கு எத்தனை பூட்டு?

போன செமஸ்டர் லீவுக்கு நெய்வேலி வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு என்.எல்.சி.யில் வேலை, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்லதான் இருக்கோம். ஒரு ஆன்லைன் டெஸ்ட் எழுதிட்டு இருக்கும்போது பாதியில நெட் நின்னு போச்சு. கடுப்புல ரூட்டரோட செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, யார் யார் இணைஞ்சிருக்காங்கன்னு பார்த்தேன். எங்க வீட்டுல மூணு போன், ஒரு லேப்டாப், ஒரு டிவி. பட்டியல்ல 14 இருந்துச்சு.

விசாரிச்சா, வைஃபை பாஸ்வேர்டு அப்பாவோட மொபைல் நம்பர். கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர், "ஞாபகம் வெச்சுக்க ஈஸியா இருக்கும் சார்"னு வெச்சுட்டுப் போயிருக்கார். அப்பா நம்பர் தெருவுக்கே தெரியும். சாயங்காலம் ஆனா நம்ம வீட்டுப் பலாமரத்தடியில பசங்க ஏன் கூடுறாங்கன்னு அப்பதான் புரிஞ்சுது.

அப்பாகிட்ட சொன்னேன். "சின்னப் பசங்கதானேடா, நாலு வீடியோ பார்த்தா நமக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"ன்னார்.

அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனா 2008ல் நடந்த ஒரு விஷயத்தை அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன்.

2008 ஜூலை 26, அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு. 50 பேருக்கு மேல் இறந்தார்கள். குண்டு வெடிக்கச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் இமெயில் வந்தது. போலீஸ் அதன் ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போய் நின்ற இடம், நவி மும்பையில் ஒரு அபார்ட்மெண்ட். அங்கே குடியிருந்த ஒரு அமெரிக்கர் விசாரணையில் மாட்டினார். அவர் அந்த இமெயிலை அனுப்பவில்லை. சரியாகப் பூட்டாமல் இருந்த அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அடுத்த இரண்டு மாதங்களில் மும்பையில் ஒரு கல்லூரியின் வைஃபையும், ஒரு நிறுவனத்தின் வைஃபையும் இதே மாதிரி பயன்படுத்தப்பட்டன. 2009ல் தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பாதுகாப்பாக வைப்பது பற்றி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவே போட்டது.

காரணம் எளிது. வீட்டுக்குள் 14 கருவி இருந்தாலும், வெளியே போகும்போது எல்லாம் ஒரே கனெக்‌ஷன் வழியாத்தான் போகும். அந்தக் கனெக்‌ஷன் யார் பேரில் இருக்கோ, கேள்வி அவர்கிட்டதான் முதலில் வரும். எங்க வீட்டுல அது அப்பா பேர்.

வாங்கும்போது மூணே கேள்வி

முதல் கேள்வி, உங்க வீட்டுக்கு வர்றது ஃபைபரா, பழைய டெலிபோன் ஒயரா? டெலிபோன் ஒயர்னா டிஎஸ்எல் மோடம் சேர்ந்த ரூட்டர் வேணும். ஃபைபர்னா கம்பெனி கொடுக்கும் பெட்டியிலேயே பெரும்பாலும் வைஃபை இருக்கும். அது போதுமான்னு பார்த்துட்டு அப்புறம் காசு செலவு பண்ணுங்க.

ரெண்டாவது, பின்னாடி இருக்கும் போர்ட் என்ன வேகம்? "10/100"னு போட்டிருந்தா அது 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டு இந்த ரூட்டரை அதில் மாட்டினா, மாசாமாசம் பாதிக் காசு தண்டம். கிகாபிட் போர்ட் கேளுங்க.

மூணாவது, டூயல் பேண்டா? 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தூரம் போகும், ஆனா வேகம் குறைவு. அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் அதிலேயே நெருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனா கனமான சுவர் ரெண்டு வந்தா திணறிடும். எங்க குவார்ட்டர்ஸ்ல முன்ரூம் மூலையில் டிவிக்குப் பின்னாடி இருந்த ரூட்டரை, நடுவில் ஒரு அலமாரி மேல் மாற்றினதுலயே பின்ரூமுக்கு சிக்னல் வந்துடுச்சு. புதுசு வாங்குறதுக்கு முன்னாடி இடம் மாத்திப் பாருங்க.

பூட்டுகள்

ஒண்ணு, அட்மின் பாஸ்வேர்டு. வைஃபை பாஸ்வேர்டு வாசற்கதவுக்கு, அட்மின் பாஸ்வேர்டு பீரோவுக்கு. நிறைய பேர் ரெண்டாவதைத் தொடுறதே இல்லை. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்களை ஒரு மால்வேர் தாக்கியது. அடி வாங்கினவை, கூடவே வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் வைத்திருந்த மோடம்கள். அதை மாற்றச் சொல்லி பி.எஸ்.என்.எல்.லே வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. ரூட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. இன்னைக்கே உள்ளே போய் மாத்துங்க. அங்கேயே ரிமோட் மேனேஜ்மெண்ட் ஆன்ல இருந்தா அணைங்க, ஃபர்ம்வேர் அப்டேட் இருந்தா போடுங்க.

ரெண்டு, பாதுகாப்பு வகை. டபிள்யூஇபி வேண்டவே வேண்டாம், 2001லேயே உடைச்சுட்டாங்க. டபிள்யூபிஏ2 – ஏஇஎஸ் போடுங்க. உங்க போன்கள் ஏத்துக்கிட்டா டபிள்யூபிஏ3 இன்னும் நல்லது.

மூணு, டபிள்யூபிஎஸ் அணைங்க. இதில் எட்டு இலக்க பின் நம்பர் உண்டு. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு, அதனால 1 கோடி வாய்ப்பு இருக்கணும். ஆனா ரூட்டர் முதல் நாலு இலக்கத்தையும் மீதியையும் தனித்தனியாகச் சரிபார்க்கிறது. 10,000 + 1,000 = 11,000 முயற்சி போதும். 2011ல் வெளிவந்த ஓட்டை இது.

நாலு, மொபைல் நம்பர் பாஸ்வேர்டு. நம்ம ஊர் நம்பர் 6, 7, 8, 9ல்தான் தொடங்கும், அதனால மொத்தம் 400 கோடி வாய்ப்பு. பெருசா தெரியுதா? ஒருத்தர் உங்க போன் வைஃபையில் சேரும் நொடியைப் பதிவு பண்ணிட்டா, அப்புறம் ரூட்டர் பக்கத்தில் இருக்கவே தேவையில்லை. வீட்டுல உட்கார்ந்து முயற்சி பண்ணலாம். ஒரு கேமிங் கிராபிக்ஸ் கார்டு வினாடிக்கு 4 லட்சம் பார்க்கும்னு வெச்சுக்கோங்க. 10,000 வினாடி, மூணு மணி நேரத்துக்குள் முடிஞ்சுது. அதுக்குப் பதிலா சம்பந்தமே இல்லாத நாலஞ்சு தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் சேர்த்துப் போடுங்க. அம்மாவுக்கும் ஞாபகம் இருக்கும். வைஃபை பேர்ல உங்க பேரோ குவார்ட்டர்ஸ் நம்பரோ வேண்டாம்.

வைஃபை பேரை மறைச்சு வைக்கிறது, மேக் ஃபில்டர் போடுறது எல்லாம் பூட்டு இல்லை. திரை மாதிரி. விலக்கத் தெரிஞ்சவனுக்கு ரெண்டு நிமிஷம்.

அப்புறம் அந்தப் பசங்க?

பாஸ்வேர்டு மாத்தின அன்னைக்கு சாயங்காலமே பக்கத்து வீட்டுத் தம்பி கதவைத் தட்டினான். "அண்ணா, நெட் வரலைண்ணா, நாளைக்கு டெஸ்ட்டு." அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

கெஸ்ட் நெட்வொர்க் ஆன் பண்ணேன். அதில் சேர்றவங்களுக்கு இணையம் மட்டும் கிடைக்கும், நம்ம லேப்டாப், டிவி பக்கம் வர முடியாது. ஆனா ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும்: கெஸ்ட் வழியாப் போனாலும் வெளியே தெரியுறது அப்பா பேர்தான். அதனால முகம் தெரிஞ்சவங்களுக்கு மட்டும், அவங்க அம்மா அப்பாகிட்டயும் சொல்லிட்டு, மாசம் ஒருமுறை பாஸ்வேர்டை மாத்துறதுன்னு முடிவு பண்ணோம். "இது சரிடா"ன்னார் அப்பா.

இந்த வாரம் ஊருக்குப் போறீங்களா? சாப்பிட்டு முடிச்சதும் ரூட்டரைத் திருப்பி அந்த ஸ்டிக்கரைப் பாருங்க. இணைஞ்சிருக்கும் கருவிகளை எண்ணுங்க. உங்க வீட்டுல எத்தனைன்னு எனக்கும் சொல்லுங்க.