பழைய காருக்கு வேற்று எஞ்சின்: இணைப்புறுப்புகளைச் செய்விக்கும் முறை

விழா மலரொன்றில் தமிழாசிரியர் மோட்டார் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். யாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள், தனித்தனியே பிறந்த இரண்டு பொறிகளை ஒன்றாக்கும் உறுப்புகளைப் பட்டறையிற் செய்விக்கும் முறையாகும். அம்முறையில் அளவுக்கு எத்துணை இடமுண்டோ அத்துணை இடம் சொல்லுக்கும் உண்டு. சொல் தவறின் அளவு தவறும். அளவு தவறின் பொருளும் காலமும் வீணாகும். ஒரோவழி உயிருக்கும் ஊறு நேரும். ஆதலின் இப்பொருள் எமக்கும் உரியதே.

நம் கரையோரமும் பழைய வண்டிகளும்

கல்முனை தொடங்கிச் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கே செல்லும் பெருவழிக்கு மேற்கே வயல், கிழக்கே கடல். ஆதலின் இவ்வூர்ப் பட்டறைகள் நெல்லாலைக்கும் உழவு இயந்திரத்துக்கும் மீன்பிடி வள்ளத்துக்கும் ஒருங்கே பணிசெய்து பழகியவை. தேய்ந்த தண்டைக் கடைந்து கொடுத்தலும், வெண்கலப் புஷ் செய்தலும், ஒரு வேலைக்கென வந்த எஞ்சினை வேறொரு வேலைக்குப் பூட்டுதலும் இங்குள்ள கைவினைஞர்க்குப் புதியன அல்ல.

இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இவ்விடைக்காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறியது; அவற்றைப் பேணும் வேலைக்கும் மதிப்பு ஏறியது. மொறிஸ் மைனர் காருக்கு யப்பானிய எஞ்சின் பூட்டுதல் நம் தீவில் நெடுநாளைய வழக்கு. இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார்கள் இங்கே அரியன. எனினும் 1958இல் வந்த ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டும் 1961இல் வந்த எம்.ஜி. மிட்ஜெட்டும் மொறிஸ் மைனரின் எஞ்சின் குடும்பத்தையே கொண்டவை. ஆதலின் மைனரிற் கற்றது அவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எம்.ஜி. வண்டி கற்பிக்கும் பாடம்

எஞ்சின் மாற்றத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் எம்.ஜி.பி. கார். 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட அவ்வண்டி 1798 கன சென்ரிமீற்றர் கொண்ட நான்கு சிலிண்டர் இரும்பு எஞ்சினை உடையது. வலுவைக் கூட்ட விரும்பிய நிறுவனத்தார் 1967இல் 2912 கன சென்ரிமீற்றர் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பூட்டி, எம்.ஜி.சி. என்னும் பெயரில் வெளியிட்டனர். அவ்வெஞ்சின் முன்னையதிலும் ஏறத்தாழ 200 இறாத்தல் பாரமானது. அதற்கு இடங்கொடுக்க முன் குறுக்குச் சட்டத்தையும் சுருள்வில்லையும் நீக்கி, முறுக்குத் தண்டு அமைக்க நேர்ந்தது. பொனற்றும் மேலே புடைத்தது. முன்பாரத்தினால் வண்டி வளைவுகளில் மந்தமாகத் திரும்புகின்றதெனப் பலர் குறை கூறினர். 1969இல் அதன் உற்பத்தி நின்றது.

பின்னர்க் கென் கொஸ்டெல்லோ என்பார் ரோவர் நிறுவனத்தின் எட்டுச் சிலிண்டர் எஞ்சினை எம்.ஜி.பி. காரிற் பூட்டி விற்கத் தொடங்கினார். அமெரிக்கப் பியூயிக் நிறுவனம் அமைத்து, ரோவர் 1965இல் உரிமை பெற்ற அவ்வெஞ்சின் அலுமினியத்தாலாயது. 3528 கன சென்ரிமீற்றர் கொண்டதாயினும், நிறையிற் பழைய இரும்பு எஞ்சினோடு ஏறத்தாழ ஒத்தது. 1973இல் எம்.ஜி. தொழிற்சாலையே அம்மாற்றத்தை மேற்கொண்டு, 1976 வரை 2591 வண்டிகளைச் செய்தது. அதற்கென அவர்கள் மாற்றியவற்றை நோக்குக: கார்புரேற்றர்களைப் பின்னே தள்ளிவைக்கும் தனிக் குழாயமைப்பு, முன்னே நகர்த்திய ரேடியேற்றர், இரு மின்விசிறிகள், தடித்த முன் பிரேக் தட்டுகள், 3.9 இலிருந்து 3.07 ஆகக் குறைந்த பின்னச்சுப் பல்விகிதம்.

1964இல் வந்த சன்பீம் டைகர் காரோ மற்றொரு பாடம் தருகின்றது. ஃபோர்ட் நிறுவனத்தின் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் அச்சிறு வண்டியில் மிக நெருக்கமாக அமைந்தமையால், ஸ்பார்க் பிளக் ஒன்றை எட்டுவதற்கென்றே ஓட்டுநர் அறைக்கு முன்னுள்ள தடுப்பில் துளை வைக்க நேர்ந்தது.

இவற்றால் நாம் பெறும் முடிபு யாது? எஞ்சினைத் தேரும்போது வலுவுக்கு முன்னர் நிறையையும் பருமையையும் நோக்குதல் வேண்டும். தேர்ந்தபின் எஞ்சியுள்ள வேலையெல்லாம் இடைப்பட்ட உறுப்புகளிலேயே தங்கியுள்ளது.

செய்விக்க வேண்டிய உறுப்புகளும் அவற்றின் முறையும்

முதலாவது, இணைப்புத் தகடு. ஓர் எஞ்சினைப் பிறிதொரு வண்டியின் கியர்ப் பெட்டியோடு சேர்க்குமிடத்து இரண்டன் துளைகளும் ஒன்றோடொன்று பொருந்தா. இருவகைத் துளைகளையும் கொண்ட தகடொன்றை இடையே வைத்தல் வேண்டும். இங்கே துளையினும் முதன்மையானது நடுவச்சு. எஞ்சினின் சுழல்தண்டும் கியர்ப் பெட்டியின் நுழைதண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்றல் வேண்டும். விலகல் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்கை மிஞ்சலாகாது என்பது பொது வழக்கு. போல்ட்டுகள் இறுக்குமேயன்றி இடத்தை நிலைநிறுத்தா. இடத்தை நிலைநிறுத்துவன டவல் எனப்படும் முளைகளே. மேலும், தகடு 12 மில்லிமீற்றர் தடிப்பாயின் கியர்ப் பெட்டியும் 12 மில்லிமீற்றர் பின்வாங்கும்; நுழைதண்டின் முனை சுழல்தண்டிலுள்ள புஷ்ஷை எட்டாது போகலாம். ஆகவே தகட்டோடு நீண்ட புஷ்ஷும், கிளச்சின் இடமும், ஸ்டாட்டர் மோட்டாரின் இடமும் ஒருசேர எண்ணப்பட வேண்டும்.

இரண்டாவது, எஞ்சின் தாங்கிகள். எஞ்சினை அதன் இடத்தில் தூக்கி நிறுத்தி, முதலில் மட்டையால் மாதிரி வெட்டுக. பொனற் மூடுகின்றதா, ஸ்டியரிங் தண்டு தடையின்றிச் சுழல்கின்றதா, எண்ணெய்த் தொட்டி குறுக்குச் சட்டத்தில் முட்டுகின்றதா, எண்ணெய் வடியைக் கழற்றக் கை நுழைகின்றதா என நான்கையும் பார்த்த பின்னரே இரும்பை வெட்டுதல் வேண்டும். நம் கரையோரத்தில் மற்றொன்றும் உண்டு. கடற்காற்றின் உப்பினாற் பழைய வண்டியின் அடித்தகடு உள்ளே அரிக்கப்பட்டிருக்கும். மேற்பூச்சைச் சுரண்டிப் பாராது புதிய தாங்கியை அதிற் காய்ச்சி ஒட்டுதல் மணலில் தூண் நடுவதை ஒக்கும்.

மூன்றாவது, புரொப்பலர் தண்டு. வண்டி தன் சில்லுகளில் நிற்கும்போதே அதன் நீளத்தை அளத்தல் வேண்டும். உயர்த்தி வைத்து அளப்பின் பின்னச்சுத் தாழ்ந்து அளவு மாறும். கியர்ப் பெட்டியின் வெளித்தண்டும் பின்னச்சின் நுழைதண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்றல் வேண்டும். அன்றேல் வண்டி அதிரும். வெட்டி ஒட்டிய தண்டைச் சமநிலை பார்க்கும் இயந்திரத்தில் இட்டுச் சரிசெய்யாது பூட்டலாகாது.

இம்மூன்றையும் ஒரே நாளிற் கட்டளையிடுதல் கூடாது. தகட்டின் தடிப்பு தாங்கியின் இடத்தைத் தீர்மானிக்கும்; தாங்கியின் இடம் தண்டின் நீளத்தைத் தீர்மானிக்கும். ஒன்று கைக்கு வந்து பொருத்திப் பார்த்த பின்னரே அடுத்ததற்கு அளவெடுத்தல் முறை. அவசரத்தால் மூன்றையும் ஒருங்கே செய்விப்பவர் இரண்டை மீண்டும் செய்விக்க நேரும்.

எஞ்சின் வாங்குமிடத்தும் ஒரு விதி கொள்க. கொழும்புப் பஞ்சிகாவத்தையிலாயினும் வேறெங்காயினும் எஞ்சின், பிளைவீல், ஸ்டாட்டர், தாங்கிகள், மின்கம்பித் தொகுதி அனைத்தையும் ஒரே வண்டியிலிருந்து கழற்றியவாறே பெறுதல் நன்று. பிற்காலத்திற் பிரித்துத் தேடும் சிறு துண்டு பெருஞ்செலவாகும்.

அங்குலமும் மில்லிமீற்றரும்

பழைய ஆங்கிலேய வண்டியின் மரைகள் அங்குலக் கணக்கின. யப்பானிய எஞ்சினின் மரைகள் மில்லிமீற்றர்க் கணக்கின. அங்குலக் கணக்கின் 5/16 நுண்மரை 7.94 மில்லிமீற்றர் விட்டமும் அங்குலத்துக்கு 24 சுற்றும் உடையது. 8 மில்லிமீற்றர் பொதுமரைக்கோ அங்குலத்துக்கு ஏறத்தாழ 20 சுற்றே. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கைக்கு இரண்டொரு சுற்று ஏறவுங் கூடும். பின்னர் இறுக்குந்தோறும் மரை சிதையும். மின்னமைப்பிலும் இவ்வேறுபாடு உண்டு. மொறிஸ் மைனரும் 1967க்கு முந்திய எம்.ஜி.பி.யும் பற்றரியின் நேர்முனையை வண்டியுடலோடு இணைத்தவை. யப்பானிய எஞ்சினின் மின்பிறப்பாக்கி எதிர்முனை உடலோடு சேர வேண்டுவது. இதனை மாற்றியமைக்காது இணைப்பின் அது நொடியிற் கெடும்.

எழுத்திற் கொடுக்கும் கட்டளை

பழைய உறுப்பைக் கையிற் கொடுத்து, “இந்த மாதிரி ஒன்று, கொஞ்சம் நீளமாக” என்று சொல்லிவருதல் பலருடைய வழக்கம். “கொஞ்சம்” என்பது எத்துணை? “10 மில்லிமீற்றர்த் துளை” என்பதே மூவகைப் பொருள் தரும். 10 மில்லிமீற்றர் முளை அசைவின்றி இறுக நிற்கும் துளையோ, 10 மில்லிமீற்றர் போல்ட் தடையின்றி நுழையும் சற்றே பெரிய துளையோ, 10 மில்லிமீற்றர் மரை வெட்டுதற்குரிய 8.5 மில்லிமீற்றர்த் துளையோ என லேத் தொழிலாளர் எவ்வாறு அறிவர்? பிழை நேர்ந்தபின் அவரை நோதல் முறையன்று.

ஆதலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு தாள் எழுதுக. அதில் உறுப்பின் பெயரும் அது நிற்கும் இடமும். முன், பக்கம், மேல் என மூன்று தோற்றங்களின் படம். ஒரே அளவை முறை. எல்லாத் துளைகளுக்கும் ஒரே நடுவிலிருந்து எடுத்த தூரம். எந்த அளவு துல்லியமாக வேண்டும், எது சற்று மாறலாம் என்பது. உலோகத்தின் வகையும் தடிப்பும். எண்ணிக்கை, கூலி, தரும் நாள் ஆகியன இடம்பெறுதல் வேண்டும். தகட்டுக்கு முதலில் மெல்லிய பலகையில் மாதிரி வெட்டிப் பூட்டிப் பார்த்தல் சாலச் சிறந்தது. பலகை வீணாயின் இழப்புச் சிறிது.

பெயர் வழங்கும் முறை

பட்டறையில் “பிளேட்” என்றாற் கிளச் தட்டும் ஆம், இணைப்புத் தகடும் ஆம். “சாப்ட்” என்பது நான்கு உறுப்புகளைக் குறிக்கும். நூலில் மட்டும் உள்ள கலைச்சொல்லைப் பட்டறையிற் கூறின் எவர்க்கும் விளங்காது. பட்டறைச் சொல்லையே கொண்டு, அதற்கு அடைமொழி சேர்த்து, படத்திலும் உலோகத்திலும் ஒரே இலக்கம் இடுதலே தக்க வழி. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) விஞ்ஞானமும் கற்பித்தவர். தமிழிற் கலைச்சொல் ஆக்கத்துக்கும் உழைத்தவர். அவர் பிறந்த மண்ணில் வாழும் ஆசிரியராகிய யாம் செய்யத்தக்க சிறுபணி ஒன்றுண்டு. கட்டுரைப் பாடத்திலே, “ஒரு பொருளைக் காணாத ஒருவர் அதனைச் செய்யுமாறு எழுதுக” என ஒரு பயிற்சி கொடுக்கலாம். அப்பயிற்சியில் தேறிய மாணவன் பட்டறையிலும் அலுவலகத்திலும் பிழைபடான்.

பாதுகாப்பும் சட்டமும்

வலுவைக் கூட்டியவர் நிறுத்தும் ஆற்றலையும் கூட்டுதல் கடன். எம்.ஜி. தொழிற்சாலை பிரேக் தட்டைத் தடிப்பாக்கியது இதற்காகவே. பிரேக், ஸ்டியரிங் இரண்டிலும் பட்டறைச் சோதனை முயற்சி கூடாது. அவற்றுக்கெனச் செய்யப்பட்ட உறுப்புகளையே கொள்ளுதல் வேண்டும். நம் கரையோரப் பெருவழியில் பள்ளிச் சிறுவரும் துவிச்சக்கர வண்டிகளும் கால்நடைகளும் ஒருங்கே செல்வர் என்பதை மறவற்க. மேலும், எஞ்சின் இலக்கம் வாகனப் பதிவில் இடம்பெறுவது. மாற்றத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுசெய்தலும், காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தலும் இன்றியமையாதன. எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டையும் இறக்குமதிச் சான்றையும் முதல் நாளே கேட்டுப் பெறுக. பூட்டி முடித்தபின் அவற்றைத் தேடுதல் அரிது.

இரண்டை ஒன்றாக்க விரும்புவோர் இரண்டையும் அறிதல் வேண்டும். அறிந்ததை மற்றவர்க்கு விளங்க உரைத்தலும் வேண்டும். நம் கல்லூரியிற் கணிதமும் தமிழும் கற்றவர் அளவெடுப்பாராக. தலைமுறையாக லேத் பிடித்த கல்முனைக் கைவினைஞர் அதனை உலோகமாக்குவாராக. இருவருக்கும் இடையே தெளிவாக எழுதிய தாள் ஒன்று இருப்பதாக.