இறந்தவரின் ரத்தத்தில் கிருமியைத் தேடுவது எப்படி?

மாணவர்களே, 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜோகூரின் கோத்தா திங்கி அடுத்தடுத்து இரண்டு முறை வெள்ளத்தில் மூழ்கியது. வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த வெள்ளத்தைத் தொடர்ந்து அங்கே எலிச் சிறுநீர் நோய் பரவியது. லெப்டோஸ்பைரா என்னும் சுருள் வடிவ பாக்டீரியா எலியின் சிறுநீரோடு நீரிலும் சேற்றிலும் கலந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியாகவே உடலுக்குள் நுழைந்துவிடும். பலருக்கு அது காய்ச்சலோடு போய்விடும். சிலருக்கு நுரையீரலில் ரத்தம் கசிந்து, சில நாள்களிலேயே உயிர் பிரியும்.

அப்படித் திடீரென இறந்தவருக்கு வந்தது டிங்கியா, இந்த நோயா? எதிர்ப்பொருள் ரத்தத்தில் தென்படவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதற்குள் இறந்தவரிடம் அந்தச் சோதனை 'இல்லை' என்று காட்டக்கூடும். கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கலாம் என்றால், லெப்டோஸ்பைரா வளர வாரக்கணக்கில் ஆகும். மருத்துவமனையில் ஆண்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் வளராமலே போகலாம்.

இங்கே கைகொடுப்பது கோவிட் காலத்தில் நீங்கள் கேள்விப்பட்ட அதே பிசிஆர் சோதனைதான். நோய் உண்டாக்கும் லெப்டோஸ்பைரா வகைகளில் 'லிப்எல்32' என்றொரு மரபணு உண்டு. தீங்கற்ற வகைகளில் அது கிடையாது. பிசிஆர் அதன் ஒரு துண்டை மட்டும் பிடித்துப் பிரதி எடுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு. 1, 2, 4, 8 என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30 சுற்றில் ஒரு துண்டு 107 கோடியைத் தாண்டும்! செத்த கிருமியின் டிஎன்ஏவும் இதில் சிக்கும் என்பதுதான் நமக்கு வசதி.

ஆனால் எந்தக் கிருமி என்றே ஊகிக்க முடியாதபோது சிக்கல் வருகிறது. அப்போது எல்லா பாக்டீரியாவிலும் உள்ள '16எஸ்' மரபணுவைத் தேடுவார்கள். இறந்தபின் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் மெல்ல மற்ற உறுப்புகளுக்கும் பரவுமே, அவையும் சேர்ந்து அகப்படும். அதனால்தான் மாதிரியைத் தாமதமின்றி, இதய ரத்தம், மண்ணீரல் போன்ற இடங்களிலிருந்து, வெளிக்கிருமி படாமல் எடுக்கிறார்கள். திசுவை நுண்ணோக்கியில் பார்த்து, கிருமி உண்டாக்கிய சேதம் அங்கே இருக்கிறதா என்றும் சரிபார்ப்பார்கள். இயந்திரத்தின் விடை மட்டும் போதாது.

இறந்தபின் இவ்வளவு பாடு எதற்கு? 2010இல் அண்டை மாநிலமான பகாங்கின் லூபோக் யூவில், நீரில் மூழ்கியவரைத் தேட இறங்கியவர்களிடையே எலிச் சிறுநீர் நோயும் மெலியாய்டோசிஸும் சேர்ந்தே பரவின. பலர் இறந்தனர். முதல் நோய்க்குப் பென்சிலின் கேட்கும். இரண்டாவதற்குக் கேட்காது, செஃப்டாசிடைம் போன்ற மருந்து வேண்டும். இறந்த ஒருவரிடம் எது இருந்தது என்று தெரிந்தால், அதே நீரில் நின்ற மற்றவர்களுக்கு எந்த மருந்து என்பதும் தெரிந்துவிடும்.