காடை முட்டை வாங்குவதற்கு முன்

உழவர் கூட்டம் முடிந்து டீ குடிக்கிற நேரத்தில் இப்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: “சார், காட்டுக் காடை முட்டை விலைக்குக் கிடைக்குதாம். வாங்கிப் பொரிச்சு வளர்க்கலாமா?” கையில் அலைபேசி இருக்கும். அதில் புள்ளி போட்ட முட்டைப் படம், முட்டை ஒன்றுக்கு ஒரு விலை, “வளர்த்துக் கொடுத்தால் நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்” என்று ஒரு வரி.

அந்தக் கடைசி வரிதான் எனக்கு உறுத்துகிறது. கடன் மனுக்களைப் பார்த்தே 30 வருடம் ஓட்டியவன் நான். சந்தையில் தானாக விலை போகிற பொருளுக்கு யாரும் இப்படி வாக்குறுதி கொடுப்பதில்லை. 2012-ல் ஈமு வளர்த்தவர்கள் பட்ட பாடு கொங்குப் பக்கத்து வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

பணத்தை விடுங்கள், சட்டமும் இருக்கிறது. மழைக்காலத்தில் மானாவாரிக் காட்டில் கத்தும் கருமார்புக் காடை, பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வரும் சாம்பல் காடை, வேலியோரத்துப் புதர்க்காடை எல்லாமே 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதும் முட்டையைச் சேதப்படுத்துவதும்கூட அந்தச் சட்டப்படி வேட்டைதான். ஆகவே உண்மையான காட்டுக் காடை முட்டையை ஒருவர் விற்றால் அவரும் மாட்டுவார், வாங்கிய நீங்களும் மாட்டுவீர்கள். பல நேரம் அது பண்ணைக் காடை முட்டையாகவே இருக்கும். பெயரை மாற்றி மூன்று மடங்கு விலை.

காட்டுக் காடை வேண்டுமென்றால் அதற்கு முட்டையே தேவையில்லை. வரப்போரம் நான்கடி அகலத்துக்குப் புல்லையும் பூண்டையும் வெட்டாமல் விடுங்கள். கம்பு, சோளம் அறுக்கும்போது நான்கு புறமிருந்தும் வளைத்து அறுக்காமல், நடுவில் ஆரம்பித்து வெளிப்பக்கமாக வாருங்கள். தரையில் இருக்கும் பறவைக்கு ஓட வழி கிடைக்கும். விஷம் தெளிக்காத நிலத்தில் பூச்சி இருக்கும், பூச்சி இருந்தால் குஞ்சுக்குத் தீனி இருக்கும். காடை போலவே தெரியும் குறுங்காடை என்று ஒன்று உண்டு. அதில் ஆண்தான் அடைகாத்துக் குஞ்சையும் வளர்க்கும். இதையெல்லாம் நம் காட்டிலேயே பார்க்கலாம், செலவில்லை.

நாம் முட்டை வாங்கிப் பொரிக்கக்கூடியது ஜப்பானியக் காடைதான். 1974-ல் இஸத்நகர் வழியாக இந்தியாவுக்கு வந்த இனம் இது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உருவாக்கிய நாமக்கல் காடையும் இந்த வகையைச் சேர்ந்ததே. இதற்கு ஒரு குணம் உண்டு: பல தலைமுறை கூண்டிலேயே வளர்ந்ததால் அடை உட்காரவே மறந்துவிட்டது. எனவே இன்குபேட்டர் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு நாட்டுக்கோழி வேண்டும்.

கோழிக்கு வைப்பதானால் எடை குறைந்த சிறுவிடை போன்றதைத் தேர்ந்தெடுங்கள். காடை முட்டை 10 முதல் 12 கிராம்தான், ஓடு மெல்லிசு; பெருவிடைக் கோழி திரும்பி உட்கார்ந்தாலே நொறுங்கிவிடும். கோழி முட்டையோடு சேர்த்து வைக்கவே கூடாது. காடை 17, 18 நாளில் வெளியே வந்துவிடும். கோழிக்கோ 21 நாள். காடைக்குஞ்சு வந்ததும் தாய் எழுந்து போய்விட்டால் மீதி முட்டை கூமுட்டைதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பொரிப்பு சரியில்லை என்றால் எல்லோரும் இன்குபேட்டரைத் திட்டுகிறார்கள். ஆனால் பாதி விதி முட்டை உங்கள் வீட்டு வாசலுக்கு வரும் முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. கருக்கூடிய முட்டை வெறும் பொருள் இல்லை, உள்ளே உயிர் காத்திருக்கிறது. 15 முதல் 18 டிகிரி குளிர்ச்சியில் இருந்தால் அது தூங்கும். நம்ம ஊர் வைகாசி வெயிலில் கடை மேசையில் கிடந்தால், அந்தச் சூட்டுக்குக் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிப் பலவீனப்பட்டுச் செத்துப்போகும். வெளியே பார்த்தால் முட்டை பளிச்சென்று இருக்கும். ஏழு நாளைத் தாண்டிய முட்டையில் பொரிப்பு நாளுக்கு நாள் குறையும்.

அதனால் விலையைக் கேட்பதற்கு முன்னால் மூன்றைக் கேளுங்கள். இந்த முட்டை எந்தத் தேதி இட்டது? எங்கே வைத்திருந்தீர்கள்? எத்தனை பெட்டைக்கு ஒரு சேவல் விட்டிருக்கிறீர்கள்? மூன்று பெட்டைக்கு ஒன்று என்றால் நல்ல பதில். “எல்லாம் ஃபிரெஷ்தாங்க” என்று மட்டும் சொன்னால் பையை மடித்துக்கொண்டு வந்துவிடுங்கள். சாப்பாட்டு முட்டைக்கென்று வைத்திருக்கும் பண்ணையில் சேவலே இருக்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முட்டை 5 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 முட்டை 500, பஸ் பார்சல் 150, மொத்தம் 650. நூறில் 80 கருக்கூடியது, அதில் 60 பொரித்து, 54 தேறினால் ஒரு குஞ்சு 12 ரூபாய். அதே நூறு முட்டை பழசாகவும் சூடு பட்டும் வந்து, 30 பொரித்து 24 தேறினால் ஒரு குஞ்சு 27 ரூபாய். இதில் கரண்டும் தீவனமும் சேரவில்லை. பக்கத்தில் ஒரு நாள் குஞ்சு 12 ரூபாய்க்குக் கீழே கிடைக்கிறது என்றால், கறிக்கு வளர்ப்பவர் முட்டை வாங்குவதில் அர்த்தமே இல்லை. சொந்தமாகத் தாய்க்கூட்டம் உருவாக்க நினைப்பவருக்குத்தான் முட்டை.

முட்டை வந்ததும் உடனே மெஷினில் அடுக்காதீர்கள். பயணத்தில் குலுங்கியிருக்கும். அகன்ற முனை மேலே இருக்கும்படி ஒரு இரவு நிழலில் வையுங்கள். அகலமான மண்பானையில் ஈர மணல் போட்டு, மேலே தட்டு வைத்து, அதில் முட்டையை வைக்கலாம். முட்டையில் ஈரம் படக்கூடாது. கழுவ வேண்டாம். விரிசல் விட்டது, உருண்டையாக இருப்பது, புள்ளியே இல்லாமல் வெளுத்தது இவற்றை எடுத்துவிடுங்கள்.

விசிறி உள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி. முதல் 14 நாள் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம், அந்த நாட்களில் முட்டையைத் திருப்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு திருப்பக்கூடாது, ஈரப்பதத்தை 65, 70-க்கு ஏற்றுங்கள். கரண்ட் போனால் பதறிக் கதவைத் திறக்காதீர்கள். மேலே போர்வை போர்த்திவிட்டுக் காத்திருங்கள். கொஞ்ச நேரக் குளிரைக் கரு தாங்கும், அதிகச் சூட்டைத் தாங்காது.

கோழி முட்டை மாதிரி டார்ச் அடித்துப் பார்ப்பது இதில் சிரமம், புள்ளிகள் மறைக்கும். அதற்கு நான் தராசை நம்புகிறேன். பத்து முட்டையைச் சேர்த்து எடை போடுங்கள். 110 கிராம் இருந்தால், 14-ம் நாள் 96 முதல் 98 கிராமுக்குள் வர வேண்டும். 102 நின்றால் உள்ளே ஈரம் அதிகம், அடுத்த முறை தண்ணீரைக் குறையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெரும்பாலும் இதுதான் நடக்கும். 92-க்கு இறங்கினால் வறண்டுவிட்டது. மீட்டர் பொய் சொன்னாலும் முட்டையின் எடை சொல்லாது.

குஞ்சு 7, 8 கிராம்தான் இருக்கும், கட்டைவிரல் பருமன். உடம்பு காயும்வரை உள்ளேயே விடுங்கள். வயிற்றில் இருக்கும் மஞ்சள் கரு முதல் நாளுக்குப் போதும். வளர்ப்புப் பெட்டியில் முதல் வாரம் 36, 37 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். குஞ்சுகள் பல்புக்கடியில் குவிந்தால் குளிர்கிறது, ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு. வெறும் செய்தித்தாள் விரித்தால் வழுக்கிக் கால் அகன்று ஊனமாகிவிடும். சாக்கோ, வரிவரியான அட்டையோ போடுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் நிரப்பாவிட்டால் விழுந்து மூழ்கும். பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், எறும்பு ஒரே இரவில் கூட்டத்தையே முடித்துவிடும். எலிக்கும் பாம்புக்கும் அரை அங்குல வலை.

தீவனத்தில் ஒரு வார்த்தை. நாம் இயற்கை வழி என்பதால் கம்பும் கீரையும் போதும் என்று நினைத்தால் குஞ்சு தேறாது. முதல் மூன்று வாரம் சுமார் 25 சதவீதப் புரதம் வேண்டும். கரையான், உப்பில்லாத கருவாட்டுத் தூள், எள்ளுப் பிண்ணாக்கு கலந்து பொடிக் குருணையாகக் கொடுங்கள். பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் கிட்டே சேர்க்காதீர்கள்.

மூன்றாவது வாரத்தில் மார்பு இறகைப் பார்த்தால் ஆண் செம்பழுப்பாகவும், பெண் வெளிறிய பழுப்பில் கரும்புள்ளியோடும் இருக்கும். ஆறு, ஏழு வாரத்தில் முட்டை வரும். அதிலிருந்து நீங்களே பொரிக்கலாம். ஆனால் அண்ணன் தங்கைகளையே சேர்த்தால் காடையில் சீக்கிரமே பலவீனம் தெரிந்துவிடும், பொரிப்பு சரியும். எனவே முதல் முட்டையையே இரண்டு பண்ணைகளில் பாதிப் பாதியாக வாங்கி, குஞ்சுகளின் காலில் இரண்டு நிற வளையம் போட்டு, ஒரு நிறத்துச் சேவலை மற்ற நிறப் பெட்டையோடு விடுங்கள். மிஞ்சிய சேவலைக் காட்டில் திறந்துவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது பாவம் பார்ப்பது இல்லை. தப்பிப் பிழைத்தால் சாம்பல் காடையோடு இனம் கலக்கக்கூடியது அது. கறிக்கே கொடுத்துவிடுங்கள்.