கைநாட்டும் கையெழுத்துதான்

அன்புள்ள தம்பிக்கு,

கன்னிவாடியிலிருந்து நீ அனுப்பிய பள்ளி ஆண்டு மலர் வந்து சேர்ந்தது. பெற்றோரைப் பற்றிய உன் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை கோபத்தோடு படித்தேன்.

"விழிப்புணர்வு இல்லாத பெற்றோர்" என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறாய். எண்ணிவிட்டுத்தான் சொல்கிறேன். பெற்றோர் கூட்டத்துக்கு வராதவர்களுக்கெல்லாம் விழிப்புணர்வு இல்லையா? கூட்டம் வைத்தது வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு. தக்காளி பறிக்கப் போகிறவளுக்கு அது ஒரு நாள் கூலி. மில்லில் ஷிப்டு பார்க்கிறவனுக்குச் சம்பளப் பிடித்தம்.

அப்புறம் அந்த 'ஒத்துழைப்பு'. ஆசிரியர்களான நாம் சொன்னதை அவர்கள் செய்வதற்குத்தான் அந்தப் பெயரா? பெற்றோர் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியம்கூட உன் கட்டுரையில் இல்லையே!

2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்கச் சொன்னது. 2012 திருத்தம் சிறுபான்மைப் பள்ளிகளில் அந்தக் குழுவை ஆலோசனையோடு நிறுத்தியது. 2014இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டமே நம்மைப் போன்ற சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்றுவிட்டது. நம் ஆட்கள் அதில் நிம்மதியடைந்தார்கள். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. பிள்ளைக்கு முதல் ஆசிரியர் பெற்றோரே என்று 1965இலேயே கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. நம் ஜில்லாவையே பார். அமெரிக்க மதுரை மிஷன் 1835இல் திண்டுக்கல்லுக்கு வந்து, பிறகு ஊர் ஊராகப் பள்ளி திறந்தது. பிள்ளையைத் தேடிப் பள்ளிக்கூடம் போன ஜில்லா இது. நாம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் வரவில்லை என்கிறோம்.

நான் தலைமையாசிரியரான முதல் வருஷம். ஓர் அம்மா ரேங்க் கார்டில் கைநாட்டு வைத்துவிட்டு, கட்டைவிரல் மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டாள். "பையன்கிட்டயாவது கையெழுத்துப் போடக் கத்துக்கக் கூடாதா?" என்றேன், அத்தனை பேர் முன்னால். அவள் சிரித்தாள். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த பரீட்சைக்குக் கார்டில் கையெழுத்து இருந்தது. அவனே போட்டது. அவள் அதற்குப் பிறகு வரவே இல்லை.

ஒரு மாதத்துக்கு மேல் பொறுக்க முடியாமல் அவள் வீட்டுக்கே போனேன். சாமி படங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டு விடைத்தாளை எடுத்தாள். வேளாங்கண்ணி மாதா படமும் அங்கே இருந்தது, முருகனுக்குப் பக்கத்தில். ஒவ்வொரு தாளாகத் திருப்பி, "செவப்பு மை கம்மியா இருந்தா நல்லாப் படிச்சிருக்கான்னு அர்த்தம், இல்லீங்களா சார்?" என்றாள். எழுத்துத் தெரியாமலே பிள்ளையின் படிப்பை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் காப்பி போடப் போனாள். ரிட்டயர் ஆகும்வரை சாயங்காலங்களில் வீடு வீடாகப் போனேன்.

ஆனால் தம்பி, பேத்தியை விட வந்த பாட்டி, பள்ளி கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதாக எழுதியிருக்கிறாயே, அந்தப் பத்திக்கு உன் கையைப் பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும். அத்தனை வருஷம் அந்த வாசலில் நின்றவன் நான், எனக்குத் தோன்றவில்லை. நீ எழுத்தாளன், சந்தேகமே இல்லை. ஆனால் அவளைக் கடந்து அடுத்த பத்திக்குப் போய்விட்டாய். அவள் ஏன் கழற்றினாள்?

இந்த வாரமே ஒரு சாயங்காலம், வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு, அந்தப் பாட்டி வீட்டுக்குப் போ. ரேங்க் கார்டைக் கையில் எடுத்துப் போகாதே.

அன்புடன்,
உன் பழைய ஹெச்.எம்.